அம்மாவின் மனச்சோர்வும் சாப்பாடும்: சத்துக்குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தென்னங்கீற்று (கும்பகோணம்)
ஜனவரி 9, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் முதல் முறையாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 59 வயது. அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் அழுதுகொண்டே இருந்தார். அப்புறம் அழுகை நின்றது, கூடவே பேச்சும் நின்றுவிட்டது. காலையில் எழுந்து முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் மதியம் வரை அப்படியேதான். நவம்பரில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ஏழு வாரம் ஆகிறது. தூக்கம் தேவலை, மற்றபடி பெரிதாக மாற்றம் இல்லை.

என் கேள்வி சாப்பாட்டைப் பற்றி. அம்மா சுத்த சைவம். 11 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன வருடம் முழுக்க அவர் சாப்பிட்டது ரசம் சாதம், இரண்டு இட்லி, டீ, பிஸ்கட், அவ்வளவுதான். பெரியம்மா தினமும் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புகிறார். வாழைப்பழத்தில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற மூளைப் பொருள் இருக்கிறதாம், மாத்திரையை நிறுத்திவிட்டு நாளுக்கு மூன்று பழம் கொடுக்க வேண்டுமாம். சித்தப்பா போன வாரம் வந்தவர், "வேளாவேளைக்குச் சாப்பிட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா" என்று அம்மா காதுபடவே சொன்னார். அன்று இரவு அம்மா தட்டைத் தொடவே இல்லை.

சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காற்று (கோவை)
ஜனவரி 9, இரவு 11.25

தொடர்பு கண்டிப்பாக உண்டு, சகோதரி. நானே சாட்சி. 2019-ல் இரவு ஷிஃப்டில் இருந்தேன். பரோட்டா, பாக்கெட் சிப்ஸ், குளிர்பானம் இவைதான் என் சாப்பாடு. எட்டு மாதம் எதிலும் ஒட்டாமல், காலையில் எழவே வெறுத்துப்போய் இருந்தேன். மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. காய்கறி, கீரை, கம்பு, கேழ்வரகு, வாரம் இரண்டு நாள் மீன் என்று மாறினேன், தினமும் நடந்தேன். ஐந்து மாதத்தில் ஆள் மாறிவிட்டேன். சாப்பாடுதான் வேர். மாத்திரை மேலோட்டமான வைத்தியம் என்பது என் கருத்து.

செவிலி_சாந்தம் (மதுரை)
ஜனவரி 10, காலை 6.10

தென்னங்கீற்று, மற்ற எதையும் படிக்கும் முன் இதைப் படியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 16 வருடமாக மனநலப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை வரும், உடம்பில் மின்சாரம் பாய்வது போலச் சிலிர்க்கும். நோயும் திரும்பக்கூடும். ஏழு வாரத்தில் போதிய மாற்றம் இல்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் பார்ப்பார்.

மலைக்காற்று அண்ணா, நீங்கள் மீண்டு வந்ததில் எனக்கு மனதார மகிழ்ச்சி. ஆனால் "மேலோட்டமான வைத்தியம்" என்ற சொல்லைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தியவர்கள் எங்கள் வார்டுக்கு வந்திருக்கிறார்கள். அதனால்தான் விடிந்ததும் எழுதுகிறேன்.

பொன்னி_உணவியல் (திருச்சி)
ஜனவரி 10, காலை 9.30

நான் மருத்துவமனை ஒன்றில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது இரண்டு விஷயம்: சுத்த சைவம், 11 வருட மெட்ஃபார்மின். அம்மாவுக்கு வைட்டமின் பி12 எப்போதாவது பார்த்திருக்கிறார்களா?

பி12 செடிகொடிகளில் கிடையாது. மீன், முட்டை, இறைச்சி, பால் இவற்றில்தான் உண்டு. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும் மட்டுமே வழி. நமக்கு நாளுக்குத் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான், ஆனால் டீயில் கலக்கும் கால் டம்ளர் பால் அதற்கு எந்த மூலைக்கு? போதாததற்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கமே இதை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்கச் சொல்கிறது. வாயுத் தொல்லைக்கு ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். சாப்பாட்டிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், அந்த அமிலத்தைத்தான் இந்த மாத்திரைகள் குறைக்கின்றன.

மனசுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பி12-உம் ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்) என்ற இன்னொரு பி வைட்டமினும் சேர்ந்துதான் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை மெத்தியோனின் என்ற அமினோ அமிலமாக மாற்றுகின்றன. அதிலிருந்து உடம்பு தயாரிக்கும் ஒரு சேர்மம், மூளையில் நரம்புச் செய்திப் பொருள்கள் உருவாவது உட்படப் பல வேலைகளுக்குத் தேவை. நரம்பைச் சுற்றியுள்ள உறைக்கும் பி12 வேண்டும். அது தீர்ந்துபோனால் கால் மரத்துப்போகும், மறதி வரும், சோர்வும் மந்தமும் வரும். சிலருக்கு அது பார்ப்பதற்கு அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். சிலருக்கு ஏற்கெனவே இருக்கும் மனச்சோர்வோடு கூடுதல் பாரமாகச் சேரும்.

அம்மாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பாதத்தில் எரிச்சல், குறுகுறுப்பு உண்டா? நாக்கு வழவழப்பாகி, காரம் பட்டால் எரிகிறதா? வைத்த இடம் மறக்கிறதா?

தென்னங்கீற்று
ஜனவரி 10, மதியம் 1.15

பொன்னி மேடம், கை நடுங்குகிறது எனக்கு. இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்று ஒரு வருடமாகவே சொல்கிறார். சர்க்கரை இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். ரசத்தில் மிளகு அதிகம் என்று சாப்பாட்டை ஒதுக்குவார், நாக்கைக் காட்டச் சொல்லிப் பார்த்ததே இல்லை. இன்று பார்த்தேன், சிவந்து வழவழ என்று இருக்கிறது. வாயு மாத்திரையும் மூன்று வருடமாகச் சாப்பிடுகிறார். பி12 பார்த்ததாக எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

பொன்னி_உணவியல்
ஜனவரி 10, மதியம் 2.05

பயப்படாதீர்கள். சர்க்கரையாலும் கால் அப்படி ஆகும், அதனால் பரிசோதனை இல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. மருத்துவரிடம் இதையெல்லாம் சொல்லி பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு நான்கும் பார்க்கலாமா என்று கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சுருண்டுவிடுவார். ரத்தம் எடுக்கும் முன் கடையில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அளவு தப்பாகத் தெரியும். பி12 பார்க்காமல் வெறும் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுப்பதும் ஆபத்து. ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

வாழைப்பழச் செய்திக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வாழைப்பழத்தில் செரட்டோனின் இருப்பது உண்மைதான். ஆனால் வாய் வழியாக வரும் செரட்டோனின் மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்ளும். சர்க்கரை உள்ளவருக்கு நாளுக்கு மூன்று பழம் என்பது வேறு தொந்தரவில் கொண்டுபோய் விடும்.

எண்ணும்எழுத்தும் (சென்னை)
ஜனவரி 10, இரவு 9.50

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். மருத்துவ ஆய்வுகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த அனுபவம் கொஞ்சம் உண்டு. இந்தத் தலைப்பில் செய்தித்தாள் சொல்வதற்கும் ஆய்வு சொல்வதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. பொறுமையாக எழுதுகிறேன், நீளத்துக்கு மன்னிக்கவும்.

முதலில், கூட்டத்தைத் தூரத்திலிருந்து கவனிக்கும் ஆய்வுகள். லண்டனில் அரசு ஊழியர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில் 3,486 பேரின் உணவைப் பார்த்தார்கள். காய், பழம், மீன் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஐந்து வருடம் கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் குறைவு. இனிப்பு, பொரித்தது, பதப்படுத்திய இறைச்சி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அதிகம். 2009-ல் வெளிவந்தது. இதே திசையில் பிரான்ஸ், ஸ்பெயின் என்று பல நாட்டு ஆய்வுகள் உண்டு.

ஆனால் இதை வைத்து "சாப்பாடுதான் காரணம்" என்று சொல்லிவிட முடியாது. மனம் சோர்ந்தவருக்குச் சமைக்கத் தோன்றாது, பிஸ்கட்டில் பொழுதை ஓட்டுவார். அப்போது நோய்தான் சாப்பாட்டைக் கெடுத்தது. காசு இல்லாதவருக்கு நல்ல காயும் கிடைக்காது, மனக்கவலையும் அதிகம். அங்கே இரண்டுக்கும் காரணம் வறுமை. தென்னங்கீற்றின் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் போனது முன்பா, சாப்பாடு குறைந்தது முன்பா?

அதனால் ஆளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் உணவை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்ததில் பேர்பெற்றது ஆஸ்திரேலியாவின் ஸ்மைல்ஸ் ஆய்வு. டீக்கின் பல்கலைக்கழகத்தின் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையில் நடந்து 2017-ல் வெளியானது. மனச்சோர்வு நோய் உள்ள 67 பேர், 12 வாரம். ஒரு பாதிக்கு உணவியல் நிபுணரோடு ஏழு அமர்வு: முழுதானியம், பருப்பு, காய், பழம், கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய். இன்னொரு பாதிக்கு அதே அளவு நேரம் கூட உட்கார்ந்து பேச ஆள். முடிவில் உணவுப் பக்கத்தில் 32 சதவீதம் பேருக்கு நோய் தணிந்த நிலை, பேச்சுப் பக்கத்தில் 8 சதவீதம்.

மலைக்காற்று
ஜனவரி 10, இரவு 10.20

இதைத்தானே நான் சொன்னேன்! மாத்திரை இல்லாமல் மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார்கள்.

எண்ணும்எழுத்தும்
ஜனவரி 10, இரவு 11.05

இல்லை சார், அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அந்த ஆய்வில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்திலோ பேச்சு சிகிச்சையிலோ இருந்தவர்கள். உணவு அதன் மேல் சேர்த்துக் கொடுக்கப்பட்டது, அதற்குப் பதிலாக அல்ல. சேர்க்கும்போதே சாப்பாடு மோசமாக இருந்தவர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 67 என்பது சிறிய எண்ணிக்கை. தான் என்ன சாப்பிடுகிறோம் என்பது சாப்பிடுபவருக்குத் தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவும் முடியாது. 2022-ல் சிட்னியில் 18 முதல் 25 வயது ஆண்கள் 72 பேரிடம் செய்த ஆய்விலும் இதே போல நல்ல பலன் வந்தது, இதே குறைகளோடு.

இப்போது மறுபக்கம். மூட்ஃபுட் என்ற ஐரோப்பிய ஆய்வு, 2019. நான்கு நாடுகளில் எடை அதிகமாகவும் மனம் கொஞ்சம் சோர்ந்தும் இருந்த, ஆனால் நோய் என்ற அளவுக்குப் போகாத 1,025 பேர். பாதிப் பேருக்கு ஒரு வருடம் ஒமேகா-3 (மீனில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு), ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, செலினியம் எல்லாம் கலந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. முடிவு? இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில் உணவுப் பழக்கத்தை மாற்றக் கொடுத்த ஆலோசனையும் நோய் வருவதைத் தடுத்ததாகத் தெளிவாகக் காட்டவில்லை. அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு இதைவிடப் பெரிது. 50 வயதைத் தாண்டிய 18,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி அல்லது வெற்று மாத்திரை. மனச்சோர்வு வருவதில் வித்தியாசமே இல்லை. அதே ஆய்வில் மீன் எண்ணெய் மாத்திரையும் தடுக்கவில்லை. அதை எடுத்தவர்களிடம் மனச்சோர்வு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். உங்கள் டெல்டாப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். தண்ணீர் நிற்கிற வயலுக்கு மடை திறந்தால் பயிருக்கு என்ன லாபம்? வெடித்துக் கிடக்கிற வயலுக்குத் திறக்க வேண்டும். சத்துக் குறையாதவர்களுக்கு மேலும் மாத்திரை கொடுத்து மனச்சோர்வைத் தடுக்க முடியவில்லை. குறைந்தவருக்குக் குறைவை ஈடுசெய்வது வேறு கதை. ஆகவே எந்த வயல் என்று முதலில் பாருங்கள். பொன்னி சொன்ன ரத்தப் பரிசோதனை அதற்குத்தான்.

வேலணைமகள் (டொராண்டோ)
ஜனவரி 11, காலை 7.30

சித்தப்பா சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத வந்தேன்.

ஆறு வருடம் முன் எனக்கு இந்த நோய் வந்தது. எனக்குச் சமைக்கத் தெரியும். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் பிறந்தவள், சூடை மீனில் சொதி வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வருவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். உரிக்க வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் மீன் இருந்தது, கீரை இருந்தது, எல்லாம் அழுகியபின் எடுத்து எறிந்தேன். மனச்சோர்வு வந்தவருக்குச் சத்துள்ள சாப்பாடு எது என்று தெரியாமல் இல்லை. அதைச் செய்து வாயில் வைக்கும் பலம்தான் போய்விடுகிறது. அந்த நேரத்தில் "நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால்" என்று ஒருவர் சொன்னால், இருந்த கொஞ்சப் பசியும் போய்விடும்.

என் மச்சாள் ஒருத்தி ஞாயிறுதோறும் வருவாள். எதுவும் கேட்கமாட்டாள். பருப்பு, ஒரு கீரை, ஒரு மீன் குழம்பு என்று சமைத்து, சின்னச் சின்னப் பெட்டிகளில் பிரித்து, எந்த நாளுக்கு எது என்று ஒட்டிவிட்டுப் போவாள். சூடாக்கித் தின்றால் போதும். மருந்து, பேச்சு சிகிச்சை எல்லாம் எடுத்தேன். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டிகள் இல்லாமல் மருந்து நேரத்துக்கு எடுக்கும் அளவுக்குக்கூட நான் நிமிர்ந்திருக்கமாட்டேன்.

இங்கே பனிக்காலத்தில் எனக்கு வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது, மாத்திரை தந்தார்கள். எலும்பு வலி குறைந்தது. மனசு அதனால் எழும்பியதாக எனக்குத் தோன்றவில்லை. ஐயா மேலே எழுதிய ஆய்வைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது.

தென்னங்கீற்று
ஜனவரி 11, காலை 8.10

வேலணைமகள் அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் இடம் வந்ததும் "எனக்கும் அப்படித்தான்" என்றார். ஒன்றரை வருடத்தில் தன் மனசைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

பாலைநிலம்
ஜனவரி 11, மாலை 5.45

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 27 வயது. கல்யாணத்துக்கு எடை குறைக்க மூன்று மாதமாக ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறேன். இப்போது காரணமில்லாமல் எரிச்சல், யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு. இதுவும் இதில் சேருமா?

எண்ணும்எழுத்தும்
ஜனவரி 11, இரவு 8.20

சேரும். 1944, 45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு ஆய்வு செய்தார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராதவர்கள் 36 பேர் தாங்களாக முன்வந்தார்கள். உடம்பும் மனமும் நன்றாக இருந்த இளைஞர்கள். 24 வாரம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு. எரிச்சல், சோகம், ஒதுங்கிப்போவது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் குறிப்புகளைச் சேர்த்துவைப்பது என்று ஆகிவிட்டார்கள். சிலருக்குக் கடுமையான மனச்சோர்வே வந்தது. எந்த வைட்டமின் என்று தேடுவதற்கு முன்னால், மொத்தச் சாப்பாடு போதுமா என்ற கேள்வி இருக்கிறது. பாலைநிலம், நீங்கள் ஒரு மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ இந்த வாரமே பாருங்கள்.

நெறியாளர்
ஜனவரி 12, காலை 10.00

மருந்துகளின் பெயரோடு அளவும் எழுதியிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். அனுபவத்தை எழுதுங்கள், அளவை மருத்துவரிடம் விடுங்கள். இழை பயனுள்ளதாக இருப்பதால் திறந்தே இருக்கும்.

தென்னங்கீற்று
ஜனவரி 24, இரவு 9.15

ரிசல்ட் வந்துவிட்டது. பி12 138. ஆய்வகத் தாளில் 200-க்குக் கீழ் குறைவு என்று போட்டிருக்கிறது. ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் 9, இரண்டும் குறைவு. தைராய்டு சரியாக இருக்கிறது.

மனநல மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, இதை முன்பே பார்த்திருக்க வேண்டும் என்றார். பி12 ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. மனச்சோர்வு மாத்திரையின் அளவையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். இதுதான் ஒரே காரணமா என்று கேட்டேன். கணவரை இழந்த துக்கம், தனிமை, சர்க்கரை, இந்தச் சத்துக்குறைவு நான்கும் சேர்ந்திருக்கிறது, நம்மால் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்வோம் என்றார். இந்த வயதில் இரும்பு ஏன் இவ்வளவு குறைந்தது என்று பொது மருத்துவரிடமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பொன்னி மேடம், சமையலில் என்ன செய்யட்டும்? கேழ்வரகுக் கூழ் தினமும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பொன்னி_உணவியல்
ஜனவரி 25, காலை 11.40

நல்ல மருத்துவர் கிடைத்திருக்கிறார். இந்த அளவுக்குக் குறைந்த பிறகு பி12-ஐச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது, ஊசிதான் சரி. பழைய சோற்றில் பி12 நிறைய இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பி ஊசியை விட்டுவிடாதீர்கள்.

இரும்புக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மூளையின் செய்திப் பொருள்களான டோபமின், செரட்டோனின் இரண்டையும் உருவாக்கும் நொதிகளுக்கு இரும்பு வேண்டும். ரத்தசோகை இருந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும், அப்படிப்பட்டவரைப் பார்த்து "சுறுசுறுப்பாக இரு" என்று சொல்லி என்ன பயன்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். என்னிடம் வரும் பெண்கள் பலர் வருடக்கணக்காகக் களைத்துப்போய், அதையே தங்கள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்.

சமையலுக்கு வருவோம். அம்மா சாப்பிடுவதை மாற்றாதீர்கள், அதற்குள்ளேயே சத்தை ஏற்றுங்கள். ரசம் சாதம் பிடிக்கிறதா, ரசத்தையே பருப்பு ரசமாக வையுங்கள். துவரம்பருப்பை நன்றாக மசித்து, தெளிவாக வடிகட்டாமல் கெட்டியாகவே ஊற்றுங்கள். நாக்கு ஆறும் வரை மிளகைக் குறையுங்கள். இட்லிக்கு எள்ளும் உளுந்தும் வறுத்து அரைத்த பொடி, மேலே நல்லெண்ணெய். முருங்கைக்கீரையைப் பொரியலாக வைத்தால் ஒதுக்குவார், அடை மாவில் கலந்துவிடுங்கள். மாலை பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலையோ தட்டைப்பயறு சுண்டலோ, எலுமிச்சை பிழிந்து. எலுமிச்சையும் நெல்லிக்காயும் கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். டீ அதற்கு நேர் எதிர். சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். மதியம் ஒரு கிண்ணம் தயிர், இரவு ஒரு டம்ளர் பால்.

கேழ்வரகு நல்லதுதான், ஆனால் மாவைக் கரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். அடையாகவோ, காய் போட்ட தோசையாகவோ கொடுங்கள்.

ஒமேகா-3 பற்றியும் கேட்பீர்கள். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில் இருப்பதுதான் மூளைக்கு நேரடியாகப் பயன்படும் வகை. ஆளி விதையில் இருப்பது வேறு வகை, உடம்பு அதில் சிறு பங்கைத்தான் மாற்றிக்கொள்ளும். அம்மா மீன் சாப்பிடாதவர், அதற்காக மனதை நோகடிக்க வேண்டாம். ஆளி விதையை இட்லிப் பொடியில் ஒரு கரண்டி சேர்த்தால் போதும்.

கடைசியாக ஒன்று. தட்டு நிறையப் போட்டால் பார்த்ததுமே அவருக்கு மலைப்பாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. கூடவே யாராவது உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

செவிலி_சாந்தம்
ஜனவரி 25, இரவு 8.55

பொன்னி எழுதியதோடு நான் சேர்க்க நினைப்பது, படிக்கிற மற்றவர்களுக்காக. மனநல மருந்துகளில் சிலவற்றுக்கும் சாப்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. லித்தியம் எடுப்பவர்கள் "உப்பு கெடுதல்" என்று திடீரென்று உப்பைக் குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நச்சாகிவிடும். விரதம் இருந்து தண்ணீர் குறைத்தாலும் அதேதான். உணவை மாற்றும் முன் என்ன மருந்து எடுக்கிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, வீட்டில் ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாலோ, "நான் இருந்து என்ன" என்கிற மாதிரிப் பேசினாலோ, கீரையும் பொடியும் தேடிக்கொண்டிருக்க அது நேரமில்லை. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும், இலவசம், தமிழில் பேசலாம்.

மலைக்காற்று
ஜனவரி 27, இரவு 10.30

நான்கு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். 2019-ல் நான் சாப்பாட்டை மாற்றிய அதே மாதம் இரவு ஷிஃப்டை விட்டேன். தனி அறையைக் காலி செய்துவிட்டு அப்பா அம்மாவோடு வந்து இருந்தேன். நடக்க ஆரம்பித்தேன். அத்தனையையும் விட்டுவிட்டு "சாப்பாடுதான் வேர்" என்று மட்டும் இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அம்மா சமைத்துப் போட்டார் என்பதைக்கூடச் சொல்லவில்லை. சாப்பாடு எனக்கு உதவியது என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. மாத்திரையைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், சாந்தம் சகோதரி.

தென்னங்கீற்று
ஏப்ரல் 19, மாலை 6.20

மூன்று மாதம் ஆகிவிட்டது, எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்.

கால் குறுகுறுப்பு பாதி குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. நாக்குப் புண் முதல் மாதத்திலேயே ஆறிவிட்டது. ஹீமோகுளோபின் 11.4. மனசு ஒரே நாளில் திரும்பவில்லை, பிப்ரவரி முழுக்க ஒரு நாள் ஏற்றம் இரண்டு நாள் இறக்கம். மார்ச் நடுவில் ஒரு காலை, இட்லியை வாயில் வைத்துவிட்டு, "பொடிக்குப் பெருங்காயம் போடவில்லையா?" என்று கேட்டார். ஒன்றரை வருடமாக மிளகுக் காரத்தைத் தவிர சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாதவர். மறுநாள் அவரே வறுக்க வந்து நின்றார்.

ஊசியாலா, கூட்டிய மாத்திரையாலா, நானும் தம்பியும் மாற்றி மாற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதாலா என்று மருத்துவரைக் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றையும் தொடருங்கள் என்றார். சித்தப்பாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். சைவம், சர்க்கரை மாத்திரை, வாயு மாத்திரை மூன்றும் அவருக்கும் உண்டு. அவரும் பி12 பார்த்தார், அவருக்கு 176.

பொன்னி மேடம், ஊசி இனி எத்தனை நாள்?

பொன்னி_உணவியல்
ஏப்ரல் 19, இரவு 9.05

படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. மெட்ஃபார்மினும் சைவமும் தொடரும் வரை குறைவு திரும்ப வரும் வாய்ப்பும் தொடரும். ஊசியா மாத்திரையா, எத்தனை நாள் இடைவெளி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது பி12 பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாயு மாத்திரை இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். சித்தப்பாவையும் சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.

தென்னங்கீற்று
ஏப்ரல் 19, இரவு 9.30

செவ்வாய்க்கிழமை போகிறோம், கேட்டுவிட்டு எழுதுகிறேன். இதுவரை ஆட்டோ வைத்துத்தான் கூட்டிப்போனேன். இந்த முறை பஸ்ஸிலேயே போகலாம் என்கிறார் அம்மா.